அப்பத்தாவின் கண்டாங்கியில் ஒரு ரவிக்கை

பழைய துணியில் ரவிக்கை தைக்க நினைப்பவர்கள் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எங்காவது ஒளித்து வைத்துவிட வேண்டும். துணியை விரித்ததும் கை பரபரக்கும். அளவு ரவிக்கையை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டிவிடலாம் என்று தோன்றும். கடையில் வாங்கிய புதுத் துணி என்றால் அது சரி. ஐம்பது அறுபது வருடம் பெட்டியில் கிடந்த துணியில் எந்த இடத்தை வெட்டலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதைத் துணியிடம்தான் கேட்க வேண்டும். ரவிக்கையின் வடிவத்தைக்கூட ஓரளவுக்கு அதுவே முடிவு செய்துவிடும்.

எனக்குக் கிடைத்தது அப்பத்தாவின் கண்டாங்கிப் புடவை. அரக்கு நிறம், அதில் கறுப்பும் கடுகு மஞ்சளுமாகக் கட்டங்கள், இரண்டு ஓரத்திலும் அகலமான கரை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நகரத்துக் கடைகளில் அந்தப் பெயர் நிறையவே புழங்குகிறது. இப்போது வருபவை பெரும்பாலும் மென்மையான நூல். அப்பத்தா கட்டியது கையில் எடுத்தாலே கனம் தெரிகிற தடித்த பருத்தி, வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே புடவையாக உழைத்தது. அந்தத் தலைமுறையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ரவிக்கை போடாமலேயே கண்டாங்கி கட்டினார்கள். அதிலிருந்தே ஒரு ரவிக்கை தைக்கிறேன் என்றதும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்த கையோடு, "கந்தலை ஒட்டுப்போட்டு உடுத்துவது வீட்டுக்கு ஆகாது" என்றும் சொல்லி வைத்தார்.

முழுதாக இருக்கும் பழம்புடவையை ரவிக்கைக்காக வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நெய்தவருக்கும் கட்டியவருக்கும் செய்கிற அநியாயம். இந்தப் புடவையில் ஒரு தலைப்பை எப்போதோ தூளி கட்டக் கிழித்திருந்தார்கள். நடுவில் இரண்டு இடத்தில் ஓட்டை. இனிப் புடவையாக யாரும் கட்ட முடியாது என்ற நிலையில் இருந்ததால்தான் எடுத்தேன். இல்லாவிட்டால் அது அடுத்ததாகக் கரித்துணி ஆகியிருக்கும்.

பழைய புடவையைச் சோதிக்க ஜன்னல் வெளிச்சம் போதும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். நைந்த இடங்களில் வெளிச்சம் கூடுதலாகப் புகும். அந்த இடங்களைச் சுற்றி வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டு எல்லை கட்டிவிட்டேன். சாக்கட்டிக் கோடு துவைத்தால் போய்விடும், நூல் நிற்கும். எங்கே நைந்திருக்கிறது என்று பார்த்தால் கட்டியவரின் பழக்கம் அப்படியே தெரிகிறது. கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார்கள். திண்ணையில் உட்காரும்போதும் தரையில் உட்காரும்போதும் தேய்வது அந்தக் கொசுவம்தான். என் புடவையிலும் ஏறக்குறைய ஒரு கஜ நீளத்துக்கு அந்தப் பகுதி கொசுவலை போல ஆகியிருந்தது. தோளில் கிடந்த இடம் வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே செருகிய தலைப்பில் மட்டும் சாயம் அன்று நெய்ததைப் போலவே ஆழமாக இருந்தது. வெயிலும் படாமல் உரசலும் இல்லாமல் ஒளிந்திருந்த பகுதி அது. என் ரவிக்கைக்குத் துணி அங்கிருந்துதான் கிடைத்தது.

ஓட்டைகளுக்குக் காரணம் வேறு. கஞ்சி போட்ட புடவையை அப்படியே மடித்து வைத்திருக்கிறார்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. நூலைத் தின்ன வராவிட்டாலும் கஞ்சியைச் சுரண்டும்போது நூலும் சேர்ந்து போகிறது. நீண்ட நாள் உள்ளே வைக்கப் போகிற பருத்திப் புடவையைக் கஞ்சியில்லாமல் அலசிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் வேண்டாம். அந்தத் தாளில் உள்ள அமிலம் மடிப்புகளில் பழுப்புக் கறையாக இறங்கும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றினால் போதும்.

இனி கறுப்பு. கட்டங்களில் அரக்கு இழை உறுதியாக இருந்தது, மஞ்சள் பரவாயில்லை, கறுப்பு மட்டும் விரலால் நெருடினால் பொடிந்தது. இதைப் பல பழந்துணிகளில் பார்க்கலாம். பருத்திக்குக் கறுப்பு ஏற்றப் பயன்படும் சல்பர் சாயத்தில் இருக்கும் கந்தகம், ஈரமும் காற்றும் பட்டு மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாறி இழையை அரிக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து எடுக்கும் பழைய காலத்துக் கறுப்பிலும் இரும்பு அதே வேலையைச் செய்யும். இரண்டில் எதுவானாலும் தைப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கறுப்பு இழையை நம்பி எந்தச் சுமையையும் ஏற்றக் கூடாது. ரவிக்கையில் இழுவை முழுதும் குறுக்கே, மார்பைச் சுற்றி விழுகிறது. மேலும் கீழுமாக ஓடும் கறுப்புக் கோடு அவ்வளவாக வருத்தப்படாது. குறுக்கே ஓடும் கறுப்புக் கோடு சரியாக மார்பளவிலோ அக்குளிலோ வந்து விழுந்தால் அங்கேதான் முதல் கிழிசல். அதனால் கட்டம் அழகாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், கறுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அழகுக்கு ஒரு படி கீழேதான் இடம் கொடுக்க முடிந்தது.

வெட்டும் முன் துவைத்தாக வேண்டும். முதலில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இறங்கினால் உப்புப் போடு என்பார்கள். நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நெய்து, கட்டி, காலம் கடந்த துணியில் இறங்குகிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. என்னுடையதில் அரக்கு லேசாக இறங்கியது. அதனால் வெந்நீர் பக்கமே போகவில்லை. அகலமான தொட்டியில் பழைய கொசுவலையை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, சோப்பு இல்லாத தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். வலை எதற்கென்றால், நனைந்த பருத்தி ஏகத்துக்குக் கனக்கும். இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் எடையே நைந்த இடத்தைக் கிழித்துவிடும். வலையோடு சேர்த்துத் தூக்கினால் எடை பரவிவிடுகிறது. தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. நிறம் தெளியும்வரை மாற்றினேன். கடைசி அலசலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, இழையில் தங்கிய அமிலத்தைத் தணிக்க. பட்டுக்கு இந்தச் சோடா வேலை ஆகாது, பட்டுக்குக் காரம் பகை. மேலும் பருத்தி நனைந்தால் இழை வலுக்கும், பட்டு நனைந்தால் தளரும். பட்டை ஊறவைக்கும்போது இன்னும் இரண்டு மடங்கு கவனம் தேவை. முறுக்கிப் பிழியாமல், வலையோடு நிழலில் படுக்கவைத்து உலர்த்தினேன்.

வடிவத்தை முதலில் காடா துணியில் வெட்டித் தைத்துப் பார்த்தேன். மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிற துணி, எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரிக்கலாம். பழந்துணிக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இப்போது எல்லோரும் போடுகிற, உடம்போடு ஒட்டிய, நான்கு டக் பிடித்த ரவிக்கையை இந்தத் துணியில் தைத்தால் கையைத் தூக்கும் முதல் நாளே அக்குள் போய்விடும். ஆகவே இரண்டு அங்குலம் தளர்வு கொடுத்தேன். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். ஜிப்பாவில் இருக்குமே, அதே மாதிரித் துண்டு. கையை உயர்த்தும்போது இழுபடுவது அந்தத் துண்டுதான். அது இழைக்கு மூலைவாட்டில் இழுபடுவதால் நெகிழ்ந்து கொடுக்கிறது. பழைய வகைத் தையலில் இருந்த இந்த நல்ல பழக்கம் இறுக்கமான ரவிக்கை மோகத்தில் தொலைந்துவிட்டது என்பது என் வருத்தம். போட்டுப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் ரவிக்கை இடுப்பிலிருந்து ஏறி வராது.

உள்ளே லைனிங் அவசியம். மல் துணியை இரண்டு முறை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவேண்டியதைச் சுருங்கவிட்டுப் பிறகு வெட்டினேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லைனிங்கை மேல்துணியைவிட இரண்டு பக்கத்திலும் ஒரு நூல் அளவு குறைவாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் உடம்பின் இழுப்பு முழுவதும் லைனிங்கில் விழும், கண்டாங்கி மேலே சும்மா படர்ந்திருக்கும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எது பலவீனமோ அதுதான் முதலில் கிழியும். பலவீனமானது எது என்று நமக்குத்தான் தெரியுமே.

தையல் முழுக்கக் கைத்தையல். மெஷினை வெறுத்து அல்ல. மெஷின் தையலில் ஊசித்துளைகள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும். நைந்த துணி அந்த வரிசையிலேயே கிழிந்து கையோடு வந்துவிடும். பிரிக்க நேர்ந்தாலும் துணி அடிவாங்கும். கைத்தையலில் ஊசி இழைகளுக்கு நடுவே வழி தேடிப் போகும். 9-ஆம் எண் ஊசி, 60-ஆம் எண் பருத்தி நூல், அதில் தேன்மெழுகு தடவி, அங்குலத்துக்கு எட்டுப் பின்தையல். கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும், மெஷின் ஊசியில் நேர்மாறு. கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நூல் விஷயத்தில் எங்கள் தெருமுனைத் தையல்காரப் பெரியவர் சொன்னதைத்தான் கேட்டேன். நான் வாங்கி வைத்திருந்த பாலியஸ்டர் நூல்கண்டை எடுத்துப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நூல் அறுந்தால் அஞ்சு நிமிச வேலை தாயி. துணி அறுந்தால் என்ன செய்வாய்?" என்றார். பாலியஸ்டர் நூல் துணியைவிட வலுவானது. இழுப்பு வரும்போது அது அறுந்து கொடுக்காமல் பழந்துணியை அறுக்கும். தையல் நூல் துணியைவிட ஒரு படி இளைத்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பழந்துணிக்கு இதைவிடச் சரியான கணக்கு வேறு கிடையாது.

கரையை என்ன செய்வது என்பதில்தான் ஆசைக்கும் நியாயத்துக்கும் நிறையத் தகராறு. அகலக் கரையைக் கையின் ஓரத்துக்குக் கொடுத்தேன், மீதியைப் பின்பக்க இடுப்புக்கு. கழுத்துக்கு வைக்கத் துணி இருந்தும் வைக்கவில்லை. வளைவில் கரையை மடித்துத் தைத்தால் தடிமன் கூடிக் கழுத்து விறைத்து நிற்கும். அங்கே லைனிங் துணியிலேயே மூலைவாட்டில் கிராஸ் பட்டி வெட்டி உள்பக்கமாக மடித்துவிட்டேன்.

பொத்தான்களுக்கு வருகிறேன். சட்டையைக் கரித்துணியாக்கும் முன் பொத்தானை அறுத்து டின்னில் போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டு டின்னில் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், சட்டைப் பொத்தான்கள் ஏராளம். போதாதென்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் தேடினேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவில் ஒரு பாட்டில் நிறையக் கலவையாகப் பொத்தான்கள் இருந்தன. விலை கேட்டால் கடைக்காரர் பாட்டிலுக்குத்தான் விலை சொன்னார்.

கலவையைப் பிரிப்பது சுவாரசியமான வேலை. கன்னத்தில் ஒரு பொத்தானை வைத்துப் பாருங்கள். சிப்பியும் பீங்கானும் கண்ணாடியும் சில்லென்று இருக்கும், சற்று நேரம் சில்லென்றே இருக்கும். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சிப்பி என்றால் சாய்த்துப் பார்க்கும்போது உள்ளே வெளிச்சம் ஓடும், பின்பக்கத்தில் பெரும்பாலும் ஓட்டின் பழுப்போ சிறு பள்ளமோ மிச்சமிருக்கும். பளபளப்பு ஒரே சீராக, பின்பக்கமும் வழவழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பீங்கான் பொத்தானின் முதுகில் ஆரஞ்சுத் தோலைப் போல நுண்ணிய புள்ளிப் பள்ளங்கள் தெரியும். உலர்ந்த களிமண் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கும் முறைக்கு 1840-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் புராஸர் காப்புரிமை பெற்றார். பிறகு பிரான்சின் பிரியார் என்ற ஊரின் ஆலை அவற்றைப் பெருமளவில் செய்து குவித்தது. மலிவான, வெள்ளையான, துவைக்கத் துவைக்க நிறம் மாறாத அந்தப் பொத்தான் உலகமெங்கும் சட்டைகளில் ஏறியது. பாட்டிலில் எனக்கு அதில் ஒரு கைப்பிடி கிடைத்தது.

பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்தும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பழைய பொத்தான்களில் செல்லுலாய்டும் இருக்கும், அது சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். பாலின் புரதமான கேசினில் செய்த பொத்தான்கள் இன்னொரு வகை. பார்க்கக் கொம்பு போல அழகாக இருக்கும், தண்ணீரில் ஊறினால் உப்பி மேலே வெடிப்பு விடும். பித்தளைப் பொத்தான் வியர்வையில் களிம்பு பிடித்துத் துணியில் பச்சைக் கறை விடும். இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஐயாவின் சிப்பிப் பொத்தான்களில் ஒரே அளவாக ஆறைத் தேர்ந்தெடுத்தேன். பொத்தான் அளவை வியாபாரத்தில் லைன் கணக்கில் சொல்வார்கள், 40 லைன் ஓர் அங்குலம். என்னுடையவை 18 லைன், அதாவது ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானின் வழக்கமான அளவு.

சிப்பிப் பொத்தானைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கிட்டே வரக் கூடாது. சிப்பி சுண்ணாம்புப் பொருள், புளிப்புப் பட்டால் மேல்பளபளப்பைத் தின்றுவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்த கைக்கு இதிலும் அதே எண்ணம் வரும்.

பொத்தானைத் துணியில் நேராகத் தைக்கவில்லை. இதற்கு ஜிப்பாவைத்தான் பார்த்து எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சங்கிலிப் பொத்தான் போடும் பழைய ஜிப்பாவில் இரண்டு பக்கமும் துளைதான் இருக்கும், பொத்தான் தனியே வந்து போகும். அதே போல ரவிக்கையின் இரண்டு முன்பட்டிகளிலும் காஜா எடுத்தேன். ஆறு பொத்தானையும் அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்றில் சம இடைவெளியில் தைத்தேன். நாடாவை உள்பக்கம் வைத்து, பொத்தான்களை முதலில் ஒரு பட்டியின் துளைகள் வழியாக வெளியே எடுத்து, பிறகு மற்றப் பட்டியை அதன்மேல் மாட்டிவிட வேண்டும். துவைக்கும்போது நாடா கையில் வந்துவிடும். பொத்தானும் பிழைத்தது, நைந்த துணியில் பொத்தான் தொங்கி இழுப்பதும் இல்லை. ஒவ்வொரு பொத்தானையும் தைக்கும்போது மேலே ஒரு தீக்குச்சியை வைத்து நூலோட்டி, குச்சியை உருவிவிட்டு, மிச்ச நூலால் அடியில் சுற்றிக் கழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பட்டிகளின் தடிமனுக்கு அந்தக் கழுத்து இருந்தே தீர வேண்டும். பழைய சிப்பியின் துளை விளிம்பு கூராக இருந்து நூலை அறுக்கும். நூலை இரட்டையாக்கி மெழுகு பூசினால் நாள்பட உழைக்கும்.

காஜா பற்றிச் சொல்ல நிறைய உண்டு, இரண்டு மட்டும் சொல்கிறேன். துளையின் நீளம் பொத்தானின் விட்டத்தோடு அதன் தடிமனையும் கூட்டியது. அதற்கு மேல் கொடுத்தால் பொத்தான் தானே கழன்றுகொள்ளும். அடுத்தது, வெட்டிவிட்டுத் தைக்கக் கூடாது. துளையைச் சுற்றி முதலில் பொடியான ஓட்டுத்தையல் போட்டு இழைகளைப் பூட்டிவிட்டு, இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி, பிளேடால் முனையிலிருந்து நடுவுக்கு வெட்ட வேண்டும். குண்டூசி இருப்பதால் பிளேடு எல்லை தாண்டாது. பிறகுதான் முடிச்சுத் தையல். துளையைக் குறுக்குவாட்டில் எடுங்கள். நெடுவாட்டில் எடுத்தால் இழுப்பு வரும்போதெல்லாம் துளை வாய் பிளந்து நிற்கும்.

ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். வெள்ளைக் கைத்தறிப் புடவைக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. பெரியம்மா கரையைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்கு ஆகாது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. பொத்தானைப் பார்த்து, "இது மாமாவின் வெள்ளைச் சட்டைப் பொத்தான் இல்லையா?" என்று கேட்டார். பிறகு தன் அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்று இருப்பதாகவும், அதில் கழுத்து கொஞ்சம் மேலே ஏற்றித் தைக்க முடியுமா என்றும் விசாரித்தார். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அணிந்ததும் அன்றே வியர்வை போக வெறும் தண்ணீரில் அலசிவிடுகிறேன். வியர்வை காய்ந்த துணியை மடித்து வைத்தால் அக்குள் மஞ்சளாகிப் பிறகு இற்றுப்போகும். இஸ்திரி உள்பக்கமாக, நாடாவைக் கழற்றிய பிறகு. வெட்டியதில் மிஞ்சிய கண்டாங்கித் துண்டு ஒன்றை, உள்ளங்கையகலத்தில், லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவே பக்கவாட்டில் தளர்வாகத் தைத்து வைத்திருக்கிறேன். ரவிக்கை துவையும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து துவைந்து வெளுக்கும். என்றைக்காவது எங்காவது கிழிந்தால், ஒட்டுப்போட அதே நிறத்தில் துணி உள்ளேயே இருக்கும்.